நிகர எடை

ரெங்கம் ஆலையில் எடைப்பாலம் என் வேலை.
லோரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் லோரி வரும்,
அதையும் எழுதுவேன்.
கழித்தால் வருவது குலை.
பதினாறு வருஷமாய் இதே கழித்தல்.

பிப்ரவரியில் கிளினிக் சுவரில் தாள் ஒட்டினார்கள்:
பத்து வாரத்தில் அதிகம் இளைப்பவருக்கு
ரைஸ் குக்கர் பரிசு.
சோறு தின்னாதவளுக்கு ரைஸ் குக்கரா என்று
முதலில் சிரித்தது நோர்லிசா.
பிறகு அவளும் பேர் கொடுத்தாள்.
இரவில் பப்பாளி மட்டும்.
வாசுகி சோற்றையே விட்டாள்.

பசி வந்தால் எனக்குக் கணக்கு தப்பும்.
ஒரு முறை நாலு டன்னை நாற்பது என்று எழுதி
மானேஜர் முன் நின்றிருக்கிறேன்.
அதனால் பசியாறுவதை நிறுத்தவில்லை.
காலையில் இரண்டு முட்டை, பொரிக்காத தெம்பே,
மத்தியானம் கெம்போங் மீன் ஒன்றுக்கு இரண்டு,
சோறு ஒரு அகப்பை, குழம்பு வழக்கம்போல.

வேலை முடிந்ததும் ஆ கியோங் டயர் கடை மாடி.
சில இரும்புத் தட்டு, ஒரு கம்பி,
பாதியைக் காலண்டர் மறைத்த கண்ணாடி.
மாதம் முப்பது வெள்ளி.
முதல் நாள் வெறுங்கம்பி.
வெறுங்கம்பியே இருபது கிலோ என்றான்.
வெறும் லோரிக்கும் எடை உண்டென்று
என்னிடம் வந்து சொல்கிறான்.

இரண்டாம் வாரம்
கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடித்தேன்.
எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
இருபது, இருபத்தைந்து, இருபத்தைந்து, முப்பது.
மாடியில் இருந்த பையன்கள்
ரயிலில் பிள்ளைத்தாய்ச்சிக்கு விலகுவதுபோல
எனக்கு இடம் விட்டார்கள்.
ஏழாம் வாரம் விடவில்லை.
தட்டு வேண்டுமென்றால் வரிசையில் நில்லுங்கள் அக்கா என்றார்கள்.
நின்றேன். பிடித்திருந்தது.

திங்கள்தோறும் கிளினிக்கில் செருப்பைக் கழற்றி ஏறினேன்.
எழுபது.
மறு திங்கள் எழுபது.
டிரெசர் மரியதாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"வாயக் கட்டணும்மா, கோகிலவாணி" என்றார்.
பத்தாம் வாரம் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.
ஒன்பது கிலோ குறைந்த வாசுகி
பரிசோடு படம் எடுக்கையில்
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கோயில் திருவிழாவுக்குப் போன வருஷத்துப் பஞ்சாபி சூட்.
இடுப்பில் இரண்டு விரல் காற்று,
தோளில் ஏற மறுக்கிறது.
தையற்காரி பக்கீரம்மா வாயில் ஊசியோடு
"இங்க புடிக்கணும், இங்க விடணும்,
என்னாதான் பண்ணீங்க?" என்றாள்.

கிரேடர் சுலைமான் தினமும் சொல்வதுதான்:
ஒரே எடையில் இரண்டு குலை,
ஒன்றில் எண்ணெய், ஒன்றில் தண்ணீர்,
உன் பாலத்துக்கு இரண்டும் ஒன்று.
பதினாறு வருஷம் தலையாட்டியிருக்கிறேன்.
அது என் தோலுக்குள்ளும் நடக்கும் என்று தெரிய
அளவு நாடா ஒன்று தேவைப்பட்டது.

ஜூனில் ஒரு மழை நாள்
ஏறும் லோரியிலிருந்து குலை ஒன்று உருண்டு
பாலத்தின் ஓரம் விழுந்தது.
ஓட்டுநர் முத்தழகன் கொக்கியைத் தேடி இறங்குவதற்குள்
குனிந்தேன், முதுகு நேர், மூச்சை அடக்கி,
நெஞ்சு வரை வந்தது, பிறகு தலைக்கு மேல்.
முள் குத்தி நகக்கண்ணில் ரத்தம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.
அந்த லோரியை மறுபடி எடை போட வேண்டியிருந்தது,
அதற்குத் திட்டு வாங்கினேன்.

இரவு கடைசி லோரி போனபின்
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்,
செருப்போடு.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் இந்த இரும்புக்கு.
சன்னல் கண்ணாடியில் சிவப்பு எண்:
அறுபது.
எண்பது.
அறுபது.
காலை மாற்றி நின்றேன். எண்பது.
ஒரு முடிவுக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வரவில்லை. எனக்குப் பசித்தது.
எதையும் எழுதாமல் பூட்டிவிட்டு வந்தேன்.
வீட்டில் நேற்றைய மீன்குழம்பு இருந்தது.